ஓடைப் பொட்டலில் உதித்த கட்சி

தமிழ்நாட்டில் கட்சி தொடங்கியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தொடங்காமலே ஒரு கட்சியை நடத்தியவன் நான் ஒருவன்தான். தலைவர் கிடையாது, உறுப்பினர் கிடையாது, கொள்கை கிடையாது, ஒரு மைக் செட் கூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட கட்சியைப் பதினோரே நாளில் ராஜபாளையத்தின் மிகப் பெரிய கட்சியாக்கி, ஆண்ட கட்சி, ஆளுகிற கட்சி இரண்டையும் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவைத்தேன். நான் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கொப்பளித்துவிட்டு வருகிறேன், இருங்கள் என்றேன். இருந்தார்கள்.

இதை ஜமால் முகமது டீக்கடையில் நான் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் டீயை உறிஞ்சிக்கொண்டு கேட்பார்கள். ஒருவர் மட்டும் டம்ளரைக் கீழே வைப்பார். அவர் ஞானதுரை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருசம் இருந்துவிட்டு, போன வருசம் ரிட்டயர் ஆகி, மகள் வீட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தவர். முத்திரையும் கையெழுத்தும் இல்லாத எதையும் நம்பமாட்டார். மழை பெய்தால்கூட மழைமானி எவ்வளவு காட்டியது என்று கேட்ட பிறகுதான் குடையை விரிப்பார்.

"ரெக்கார்டுல இல்லய்யா," என்பார்.

"நடந்ததைச் சொல்லுதேன் வே."

"நடந்திருந்தா ரெக்கார்டுல இருக்கும்."

சரி, ரெக்கார்டுக்காகவே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருசம் உள்ளாட்சித் தேர்தலே இல்லாமல் கிடந்து, தொண்ணூற்றாறாம் வருசம் புரட்டாசியில் வந்தது. எங்கள் வார்டில் இரண்டே பேர் போட்டி. இரண்டு பேருமே பெரிய கட்சிக்காரர்கள். கட்சிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மில்லில் டைம் ஆபீசில் இருந்து பென்ஷன் வாங்குகிறவனுக்கு இந்த வயதில் எதற்கு வம்பு? ஒன்றை இவிய கட்சி என்றும் மற்றதை அவிய கட்சி என்றும் வைத்துக்கொள்வோம். மாற்றி வைத்துக்கொண்டாலும் கதைக்கு ஒரு சேதமும் வராது.

இவிய கட்சிக்குப் பொன்னுராஜ். அவிய கட்சிக்குக் காளிராஜ்.

எங்கள் வார்டின் மேற்கே ஓடைப் பொட்டல் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு பங்கு, வெளுத்து அலசிய பின் அங்கேதான் காயும். செல்லக்கனியும் இன்னும் பதினெட்டுப் பெண்களும் விடிந்ததும் ஈரத்துணியைச் சுமந்துகொண்டு வந்து மூங்கில் கழிகளில் கட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. ஒரு பொட்டுக் கறை பட்டாலும் அந்தப் பீஸ் ரிஜெக்ட். அதனால் வெற்றிலை போடுகிற பெண்கள்கூடப் பொட்டலுக்குள் வாயைக் கட்டிக்கொள்வார்கள். சட்டைப்பையில் பேனா வைத்திருந்த கணக்கப்பிள்ளையைச் செல்லக்கனி ஓடைக்கு அந்தப் பக்கமே நிற்கவைத்துத்தான் பேசுவாள்.

அந்தப் பொட்டலில்தான் இவிய கட்சி தன் தலைவர் பெயரில் பூங்கா வைப்பதாக வாக்குறுதி கொடுத்தது. உடனே அவிய கட்சி அதே இடத்தில் தன் தலைவர் பெயரில் பூங்கா என்றது. சிலை கிழக்கே பார்க்குமா மேற்கே பார்க்குமா என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஆழமான கொள்கை வேறுபாடு இருந்தது. யார் ஜெயித்தாலும் பத்தொன்பது பெண்களின் பிழைப்பு போய்விடும்.

செல்லக்கனி முதலில் பொன்னுராஜிடம் போனாள்.

"யக்கா, பூங்கா வந்தா நீங்கதான நெழல்ல உக்காருவீக," என்றான்.

"நெழல்ல துணி காயாதுப்பா."

"அப்ப வெயில்ல உக்காருங்க."

காளிராஜ் இன்னும் பெருந்தன்மையானவன். "கவலையே படாதீக அத்தை. அவிங்க பூங்கான்னா மரம் மரமா வச்சு நெழலாக்கிருவாங்க. நம்ம பூங்காவுல ஒத்த மரம் வைக்க மாட்டோம்," என்றான்.

அவள் என்னிடம் வந்து மனு எழுதச் சொன்னாள். எழுதினேன். பதினாலு மனு. ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. பூங்காவுக்கு ஆதரவு தெரிவித்ததற்கு நன்றி என்று.

வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, இவிய கட்சியின் மண்டலப் பொறுப்பாளர் மெட்ராசிலிருந்து காரில் வந்தார். காலை எட்டு மணி. நல்ல வெயில். ஓடைப் பாலத்தில் கார் ஏறியதும் அவர் கண்ணில் பட்டது என்ன? மலையடிவாரத்துக் காற்றில் ஒரு பர்லாங் நீளத்துக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த முந்நூறு வெள்ளைத் துணி. டிரைவரை நிறுத்தச் சொன்னார்.

"பொன்னுராஜ், இது என்னய்யா கொடி?"

பொன்னுராஜுக்குத் தெரியாதா? அவனைப் பெற்றவளே அந்தப் பொட்டலில் துணி காயப்போட்டவள்தான். அவன் தொட்டிலில் தூங்கியதே ரிஜெக்ட் ஆன பேண்டேஜ் துணியில். ஆனால் கட்சியில் சேர்ந்த நாள் முதல் மேலிடத்துக்கு 'ஆமாங்கண்ணே' என்று மட்டுமே சொல்லிப் பழகிய நாக்கு அது. மேலிடம் கொடி என்று சொன்ன பிறகு அதைத் துணி என்பது கட்சி விரோத நடவடிக்கை. முந்தின வருசம் மேலிடத்தார் ஒருவர் எருமையைப் பார்த்துப் பசு என்றபோது, 'எருமைங்க' என்று சொன்ன தளவாய்புரத்துக்காரர் இன்னும் கட்சிக்கு வெளியேதான் நிற்கிறார். எருமை உள்ளே இருக்கிறது.

"ஆமாங்கண்ணே. கொடிதாண்ணே."

"யார் கட்சி?"

"புதுக் கட்சிங்கண்ணே."

"எத்தனை பேர் இருப்பான்?"

பொன்னுராஜ் கழிகளைப் பார்த்தான். "ஒரு முந்நூறு இருக்கும்ணே."

"சின்னம்?"

"ஒன்னும் போடலண்ணே."

பொறுப்பாளருக்கு வேர்த்துவிட்டது. "சின்னம்கூடப் போடாம முந்நூறு கொடி ஏத்தியிருக்கான்னா, பின்னால பெரிய கை இருக்குய்யா," என்றார்.

"ஆமாங்கண்ணே," என்றான் பொன்னுராஜ்.

மத்தியானத்துக்குள் செய்தி காளிராஜுக்குப் போய்விட்டது. எதிலும் இவியளைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பது அவிய கட்சியின் விதி. எதிரி முந்நூறு பேரைக் கண்டுபிடித்திருந்தால் நாம் அறுநூறாவது கண்டுபிடித்தாக வேண்டும். சாயங்காலம் அவர்கள் மேலிடத்துக்குப் போன போனில், 'வெள்ளைக் கொடிக் கட்சி' ஆயிரத்து இருநூறு பேரோடு கூமாப்பட்டி வரைக்கும் பரவிவிட்டிருந்தது. நான்தான் எதையும் பெருக்கிச் சொல்கிறவன் என்று ஊரில் பேச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கட்டம் வரை நான் வாயே திறக்கவில்லை.

"ஆயிரத்து இருநூறா? யாரு எண்ணுனா?" என்று இந்த இடத்தில் ஞானதுரை கேட்பார்.

"காளிராஜ்."

"அவன் எட்டாப்பு பெயிலு."

"அதான் நல்லா எண்ணியிருக்கான்."

இரண்டு நாள் கழித்து இரண்டு கட்சியும் அவசரப் பொதுக்கூட்டம் போட்டன. இவிய கூட்டத்தில் பொறுப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! இருபது வருசமாக இந்த வார்டுக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் அவர்கள் ஒன்றும் செய்யாததும் நாங்கள் ஒன்றும் செய்யாததும் ஒன்றா? அவர்கள் போடாமல் விட்டது இரண்டே ரோடு. நாங்கள் போடாமல் விட்டது நாலு! எங்கள் திட்டங்கள் எப்போதும் பெரியவை. நேற்று முளைத்த வெள்ளைக் கொடிக்காரர்களைக் கேட்கிறேன்: இருபது வருசம் ஒன்றும் செய்யாமல் இருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?"

பலத்த கைதட்டல். மறுநாள் அதே மேடையில், அதே பந்தலில், துண்டின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அவிய கட்சி. காளிராஜ் பேசினான்:

"இந்த ஊரில் ஒன்று எங்களுக்குப் போடுங்கள், இல்லையென்றால் அவர்களுக்குப் போடுங்கள்! அவர்கள் எங்கள் பரம எதிரிகள். ஆனால் நல்லவர்கள்! எங்களுக்குப் பழக்கப்பட்டவர்கள்! அவர்கள் வந்தால் நாங்கள் அவர்கள் மேல் கேஸ் போடுவோம். நாங்கள் வந்தால் அவர்கள் எங்கள் மேல் போடுவார்கள். இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிற ஜனநாயகத்தில் மூன்றாவதாக ஒருவன் நுழைந்தால் எங்கள் கதி என்ன?"

இந்தக் கூட்டங்கள் நடக்கிறவரை வார்டில் ஒருத்தருக்கும் அப்படி ஒரு கட்சி இருப்பது தெரியாது. தெரிந்ததும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

"கட்சின்னா இப்படில்லா இருக்கணும்," என்றார் ஜமால் முகமது. "வந்து அஞ்சு நாளாச்சு. ஒரு பய வந்து கையெடுத்துக் கும்பிடல. ரேடியோ செட்டு போட்டு காதைக் கிழிக்கல. எம் மூஞ்சி மேல நோட்டீசை வீசல. எம்புட்டு நாகரிகமான கட்சி!"

மறுநாள் அவர் கடை முகப்பில் ஒரு வெள்ளைத் துண்டு பறந்தது.

"தொவச்சுக் காயப்போட்டிருப்பீரு," என்றார் ஞானதுரை, இதைக் கேட்டபோது.

"ஐயா, இந்தக் கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து அந்தத் துண்டை நான் தொவச்சதே இல்ல," என்றார் ஜமால். ஞானதுரை தம் டம்ளரை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் மொட்டை மாடிக்கு மாடி வேட்டி. செட்டியார்பட்டியில் ஒருவர் கொடிக்குத் துணி அகப்படாமல் வெள்ளைச் சேவலைக் கூரையில் ஏற்றிக் கட்டினாராம். அது காலையில் நாலு மணிக்கே பிரசாரம் செய்ததாகக் கேள்வி.

பாவம், இதில் தலையும் புரியாமல் காலும் புரியாமல் முழித்தவள் செல்லக்கனிதான். காலையில் இவிய ஆள் ஒருத்தன் கொடி எண்ண வருகிறான், அவன் போனதும் அவிய ஆள் வருகிறான். எண்ணுகிறவன் சும்மா எண்ணுகிறானா, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணுகிறான். ஒரே நாளில் இருபத்தாறு பீஸ் ரிஜெக்ட்.

"அண்ணாச்சி, எனக்கு எதுக்குய்யா கட்சி?" என்று என்னிடம் அழாத குறையாக நின்றாள். "மழைக்கு முந்தி இருக்கிறது பதினைஞ்சு நாள் வெயிலு. அதுக்குள்ள துணி காயணும். பொறவும் இந்தப் பொட்டல் எங்ககிட்ட இருக்கணும். அம்புட்டுதான்."

"தாயி, இதுதான் கொள்கை. இதைவிடச் சின்னக் கொள்கை வேற எந்தக் கட்சிக்கும் இல்ல. விட்டுராத," என்றேன். அந்த நிமிசத்தில்தான் நான் அரசியலில் இறங்கினேன்.

எட்டாம் நாள் கட்சித் தாவல் தொடங்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இவிய வட்டக் கிளையில் முப்பத்தெட்டுப் பேரும், அவிய கிளையில் அதே முப்பத்தெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது மாதிரி பொட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் பொன்னாடை, மாலை, ஒரு போட்டோகிராபர்.

"யக்கா, எங்களைத் தாய்க் கட்சியில இணைச்சுக்கிடுங்க."

செல்லக்கனி ஈரத்துணிக் கூடையை இறக்கிவைத்தாள். "இணையுததுன்னா என்னய்யா செய்வீக?"

"நீங்க சொல்லுத வேலையைச் செய்வோம்."

அந்த வார்த்தையை அவர்கள் வாழ்நாளில் எத்தனையோ மேடையில் சொல்லியிருப்பார்கள். அதை உண்மை என்று எடுத்துக்கொண்ட முதல் தலைவர் செல்லக்கனிதான். "அப்ப கையக் கழுவிட்டு வந்து இதைப் புழிங்க," என்றாள்.

எழுபத்தாறு கட்சிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக நின்று, ஒரு முனையை இவிய ஆளும் மறுமுனையை அவிய ஆளும் பிடித்துக்கொண்டு முறுக்கினார்கள். இருபது வருசக் கோபம். துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. அன்றைக்கு மூன்று மணிக்கே எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் இரண்டு கட்சியும் கூட்டணிப் பேச்சுக்கு வந்தன. "எனக்கு நேரமில்ல, டைம் ஆபீஸ் அண்ணாச்சிகிட்ட பேசிக்கிடுங்க" என்று செல்லக்கனி கையைக் காட்டிவிட்டாள். ஒரே காலையில் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் பல் விளக்கியது அன்றைக்குத்தான். பொன்னுராஜை முன்னறையிலும் காளிராஜைக் கிணற்றடியிலும் உட்காரவைத்தேன். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுவந்திருந்தார்கள். ஒரே கடை. நடுநிலை தவறாமல் இரண்டு டப்பாவையும் தின்றேன்.

"என்ன வேணும், சொல்லுங்க அண்ணாச்சி. கவுன்சிலர் பதவியில பாதி?" என்றான் பொன்னுராஜ்.

"பதவி வேண்டாம்லே. பொட்டல்ல பூங்கா வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"அம்புட்டுதானா?" அவன் முகத்தில் பயம் வந்துவிட்டது. "வேற ஒன்னுமே கேக்கலயா? அண்ணாச்சி, இந்தக் கட்சி ரொம்ப ஆபத்தானதுல்லா?"

"ஏலே பொன்னுராசு, அது துணின்னு உனக்குத் தெரியாதா?"

கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெரியும் அண்ணாச்சி. ஆனா மேலிடம் கொடின்னு சொல்லிருச்சு. நான் என்ன செய்ய?"

கையெழுத்துப் போட்டான். கிணற்றடியில் காளிராஜும் போட்டான். இரண்டு பேருமே மற்றவனுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். நானும் செய்து கொடுத்தேன். அதை மீறி இரண்டு வருசமாகத் தினமும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாக்குப்பதிவு நாள். செல்லக்கனி சாவடிக்குள் போய் வாக்குச்சீட்டை வாங்கினாள். பொன்னுராஜ் சின்னம், காளிராஜ் சின்னம், இரண்டுக்கும் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று இடம். கையில் மை தோய்ந்த முத்திரைக் கட்டை. இருபது வருசமாக வெள்ளையில் ஒரு பொட்டு விழாமல் காத்த கை அது. கட்டையை அப்படியே வைத்துவிட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"யாருக்குக்கா போட்டீக?" என்று வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள்.

"கறை பண்ண மனசு வரல. சுத்தமாப் போட்டுட்டேன்," என்றாள்.

வரிசை ஒரு நிமிசம் யோசித்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்ளே போனவர்கள் எல்லோரும் சீக்கிரம் சீக்கிரமாக வெளியே வந்தார்கள்.

எண்ணிக்கை அன்று நாங்கள் பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடந்தோம். பொன்னுராஜ் இருநூற்றுப் பதினாலு, காளிராஜ் இருநூற்றுப் பதினொன்று, மூன்று வாக்கில் பொன்னுராஜ் வெற்றி என்று அதிகாரி அறிவித்தார். வெறும் சீட்டு எத்தனை என்று நான் கூட்டத்திலிருந்து கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெறும் சீட்டு என்பது வாக்காளர் எதையும் சொல்லவில்லை என்பதற்கு ஆதாரம். ஒருவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், ஒரு வார்டே சேர்ந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், அது ஒன்றும் சொல்லாததுதான். அதை எதற்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும்?"

எத்தனை என்று பொன்னுராஜையும் காளிராஜையும் தனித்தனியாகக் கேட்டோம். வெளியே சொல்வதில்லை என்று இருவரும் கைகொடுத்து முடிவு செய்துவிட்டார்கள். இருபது வருசத்தில் இவியளும் அவியளும் ஏகமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அது.

ஒரு மாதம் கழித்து, எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டு, சங்கிலியும் ஆட்களுமாகப் பொன்னுராஜ் பொட்டலை அளக்க வந்தான். மேலிடம் பூங்காவை ஞாபகப்படுத்தியிருந்தது. பத்தொன்பது பெண்களும் துணியைக் கட்டிக்கொண்டே அவனைப் பார்த்தார்கள். அவன் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தபடி காயும் துணியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். வேர்த்துக் கொட்டியது. பிறகு, "சுருட்டுங்கலே," என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனவன்தான். இன்றுவரை பூங்கா வரவில்லை. பொட்டலில் துணிதான் காய்கிறது.

"நான் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு பார்வை பார்த்தேன். அதுல ஓடிட்டான்," என்று நான் முடிப்பது வழக்கம். நேற்றும் அப்படியே முடித்தேன். "சுருக்கமாச் சொன்னா, நானூறு பேர் வெள்ளையாப் போட்டோம் வே. நானூறு!"

ஜமால் சிரித்தார். ஞானதுரை சிரிக்கவில்லை. ரெக்கார்டு என்றும் சொல்லவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானூறு இல்ல," என்றார்.

"சரி, முந்நூறுன்னு வச்சுக்கிடும். உமக்காகக் குறைக்கேன்."

"எழுநூத்து நாப்பத்தாறு."

ஜமால் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த வருசம் எங்களை வில்லிபுத்தூர்லேருந்து இங்க எண்ண அனுப்பினாங்க," என்றார் ஞானதுரை. "உங்க வார்டு என் மேசைக்கு வந்துச்சு. அம்பது அம்பதாக் கட்டுனேன். பதினாலு கட்டு, மேல நாப்பத்தாறு. பொன்னுராஜ் பக்கத்துலேயே நின்னான். 'சார், இன்னொரு தடவை எண்ணுங்க'ன்னான். எண்ணுனேன். மூணாந்தடவை அவனே எண்ணுனான். அதே எழுநூத்து நாப்பத்தாறுதான் வந்துச்சு. ஃபாரத்துல செல்லாததுன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப இம்புட்டு நாளும் ரெக்கார்டுல இல்ல, ரெக்கார்டுல இல்லன்னு..."

"செல்லாததுன்னுதான்யா ரெக்கார்டு. நடந்துச்சுன்னு அதுல எழுதல." அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு வருசமா உம்ம வாயால எல்லாத்தையும் பத்து மடங்காக் கேட்டுட்டேன், பொறுத்துக்கிட்டேன். இந்த ஒரு கணக்கைப் போயா குறைச்சுச் சொல்லுவீரு? நடந்துச்சு வே. எண்ணுனவன் நான்."